ராகு காலத்தில் திறக்காத மிஷின்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். "எங்கப்பா வச்சிருந்த கம்ப்யூட்டரப் பத்தி உனக்குத்தான் தெரியும், எழுதிக் குடுக்கா" என்று சித்தப்பாவின் மகள் விடாமல் நச்சரித்ததால் உட்கார்ந்திருக்கிறேன். முன்னுக்குப் பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குச் சித்தூர்ப் பக்கம் எல்லையில் ஒரு ஊர். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, திருப்பதியில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை கிடைத்ததால் எல்லோரும் வந்துவிட்டோம். சந்துக்குள் இரண்டே அறை. உள் அறையில் நைனா, அம்மா, அத்தை, நான். வெளி அறையில் சித்தப்பாவும் அவருடைய மிஷினும். சித்தப்பா நைனாவின் தம்பி. அத்தை அவர்கள் இருவருக்கும் தங்கை.

மிஷின் என்றால் இப்போது பிள்ளைகள் மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி இல்லை. டைப் மிஷினின் கட்டைகளை மட்டும் பிடுங்கி ஒரு பெட்டியில் பதித்தது போல இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் கருப்பு வெள்ளை டிவிக்குப் போகும், இன்னொரு ஒயர் டேப் ரிக்கார்டருக்கு. பெங்களூர் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது யாரோ வேண்டாமென்று கழித்ததைச் சித்தப்பா வாங்கி வந்திருந்தார். அப்போதே அது பழசு. எங்கள் சந்துக்கு அதுதான் புதுசு.

வெளிநாட்டுச் சாமான்கள் கடைக்கு வரத் தொடங்கிய காலம் அது. சாமான்கள் உள்ளே வர, ஆட்கள் வெளியே போனார்கள். பெங்களூருக்கு, பம்பாய்க்கு, குவைத்துக்கு. போகிறவர்களுக்கெல்லாம் முதலில் ஜாதகம் பார்க்க வேண்டியிருந்தது. மலையில் மொட்டையடித்துக் கீழே இறங்கியவர்கள் சந்தனம் காயாத தலையோடு எங்கள் வெளி அறையில் வந்து உட்காருவார்கள். பெயரையும் பிறந்த நேரத்தையும் அத்தை தட்டுவாள். அவள் சித்தூரில் டைப் படித்தவள். பக்கத்தில் இருந்த சின்ன அச்சு மிஷினிலிருந்து வரும் பேப்பரைச் சித்தப்பா கிழித்துக் கொடுப்பார்.

ஆனால் சித்தப்பாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஜாதகம் இல்லை. அதற்கு முன்னால் ஓடும் ஒரு சின்ன புரோகிராம். லாரிக்கு இருப்பது போல இதற்கும் 'ஸ்டார்ட்டர்' என்று பெயர் வைத்திருந்தார். அவரே எழுதியது. சுவிட்சைப் போட்டுக் கேசட்டை ஓடவிட்டால் முதலில் அது வரும். எழுத்து எந்த அளவு, எத்தனை தடவை 'பீப்' அடிக்க வேண்டும், அடுத்து ஜாதகம் வர வேண்டுமா பிள்ளைகளின் கணக்கு விளையாட்டு வர வேண்டுமா, எல்லாம் அதுதான் முடிவு செய்யும். மிஷினுக்குள் கடிகாரம் கிடையாது. அதனால் இன்றைக்கு என்ன கிழமை, மணி என்ன என்று நம்மையே கேட்கும். நாம் சொன்ன நேரம் ராகு காலமாக இருந்தால் மேலே போகாது. டிவி முழுக்க இருட்டாகி, நடுவில் வெள்ளைப் புள்ளிகளால் ஒரு பாம்புத் தலை வந்து நிற்கும். அதோடு ஒரு நீளமான சத்தம்.

"மிஷினுக்கே தெரியுது பாருப்பா" என்று வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஊருக்கு ஊர் சூரியன் மாறும் என்பதால் அந்த நேரங்களையெல்லாம் மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருந்தார். ஸ்டார்ட்டர் டேப்பிலிருந்து மிஷினுக்குள் ஏறி முடியும்போது ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் வேறொரு பக்கம் திறக்கும். அதில் கிழமைக்கு ஒரு வரி. மாற்றியதை மறுபடியும் கேசட்டில் பதிய வேண்டும். பதியும்போது டேப் கீச்சுக் கீச்சென்று கத்தும். அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தவர்கள் சித்தப்பாவும் அத்தையும் மட்டுமே.

அத்தைக்கு அதுவரை கல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. நைனா சாப்பிடும்போதெல்லாம், "வயசு ஏறிக்கினே போவுது" என்பார். யாருடைய வயசு என்று சொல்ல மாட்டார். அத்தை ரசம் ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். மூன்றாவதாகப் பலமனேரிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை குவைத்தில். போட்டோ மட்டும் வந்திருந்தது, காருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு நின்றிருந்தார். லீவில் வந்து தாலி கட்டிவிட்டு உடனே திரும்பிப் போவார். பெண் பலமனேரில் மாமனார் மாமியாரோடு இருந்து மாடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தத்தை எங்கள் மிஷினில்தான் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள். குவைத்துக்கு அனுப்ப அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பேப்பர் தேவைப்பட்டது. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்கும் கல்யாணம் ஆகும், பலமனேர் பக்கத்து வாடிக்கையும் வரும். இது தவறினால் அத்தைக்கு இனி இடமே வராது என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். அதனால் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, இன்னும் இரண்டு பெண்கள். ஞாயிறு ராகு காலம் நாலரைக்கு; அதற்குள் பேப்பரை வாங்கிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார்கள். சித்தப்பா காலையிலிருந்து மிஷினைத் திறக்காமல், துடைத்துப் பூ வைத்துக் காத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையை மேலும் கீழும் பார்த்துவிட்டு நைனாவிடம், "மாடு கறக்குமா பொண்ணு?" என்று கேட்டாள்.

"கத்துக்கும். டைப்பே கத்துக்கிச்சு, மாடு இன்னா பிரமாதம்" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை காப்பி எடுக்க உள்ளே போனாள்.

சித்தப்பா சுவிட்சைப் போட்டார். கேசட் ஓடியது. கிழமை கேட்டது, தட்டினார். மணி கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணு தம்பி, சரியா மூணு" என்றார். சித்தப்பா அப்படியே தட்டினார்.

டிவி இருண்டது. பாம்புத் தலை வந்து நின்றது. சத்தம் நீளமாக எழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பாயிலிருந்து எழுந்தேவிட்டாள். "இன்னாங்க இது, ராகு காலமா? இப்பவா?"

நைனா ஓடிப்போய்க் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி வந்தார். "நாலரைன்னு போட்டுக் கீதும்மா. நல்லா பாருங்க."

"காலண்டரு அச்சடிச்சவன் மனுஷன்பா, தப்பு பண்ணுவான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "மிஷினுக்கு இன்னா நம்ம மேல பகையா?"

"ஒரு நிமிசம் மாமா, சரி பண்ணிர்றேன்" என்றார் சித்தப்பா.

"வேற மணி போட்டுப் பாரேன்" என்றாள் கூட வந்த பெண்களில் ஒருத்தி.

"ஏமாத்தச் சொல்றியா? நல்ல காரியத்துல பொய்யா?" என்று மாப்பிள்ளையின் அம்மா அவள் மேல் பாய்ந்தாள்.

சித்தப்பா மிஷினை அணைத்து மறுபடியும் போட்டார். கேசட்டைப் பின்னால் சுற்றி ஓடவிட்டார். அது ஏறி முடியும் வரை நான் அவர் முட்டியை ஒட்டி உட்கார்ந்து கோவிந்தா கோவிந்தா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கட்டையை அழுத்திப் பிடித்தார். அந்த இன்னொரு பக்கம் திறந்தது.

எனக்கு எண் படிக்கத் தெரியும். மற்றக் கிழமைகளெல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. ஞாயிறு வரியில் மட்டும் ராகு காலம் இரண்டு மணிக்கே தொடங்கியிருந்தது. அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள், திருத்தினால் தீர்ந்தது.

சித்தப்பாவும் அதைப் பார்த்தார். விரல் எண் கட்டைக்குப் போய் அப்படியே நின்றது. திரும்பி உள் அறை வாசலைப் பார்த்தார். அத்தை காப்பித் தட்டோடு அங்கே நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. தட்டில் டம்ளர்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.

சித்தப்பா கையை நீட்டிச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

"மிஷினு அவுட்டு மாமா. இனிமே வராது."

"இல்ல சித்தப்பா, நல்லா எரிஞ்சுதே, ஞாயித்துக்கெழம..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் கை என் முட்டியை இறுக்கியது. அவ்வளவு இறுக்கமாக அவர் என்னைப் பிடித்ததே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைத் தொடவில்லை. "ஜாதகத்தை வச்ச ஒடனே மிஷினே கெட்டுப் போச்சு. இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்?" என்றாள். நைனா சந்து முனை வரை பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனார். "சொல்லி அனுப்புறோம்" என்று பஸ்ஸுக்குப் போனவர்கள் சொல்லியே அனுப்பவில்லை. ஆனால் திருப்பதி மிஷின் அவுட்டு என்கிற பேச்சு மட்டும் பலமனேர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

பொழுது சாய்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். நைனா சோற்றில் கை வைக்காமல் கத்தினார். "தூக்கிக்கினு போய் சொர்ணமுகி ஆத்துல போடுறா அந்த மிஷின! கூடப் பொறந்தவ வாழ்க்கைய நாசம் பண்ணிட்டு ஒக்காந்துக்கினு துன்ற. சூடு சொரணை கீதா?"

சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. அத்தை வந்தவர்களுக்காகச் சுட்ட வடைகளை எடுத்து வந்து அவர் தட்டில் இரண்டு வைத்தாள். கொஞ்சம் நின்று இன்னும் ஒன்று வைத்தாள்.

"போதும்" என்றார் சித்தப்பா.

"துன்னுண்ணா" என்றாள் அத்தை.

நான் விடவில்லை. "சித்தப்பா, மிஷினு நல்லாத்தான இருந்துச்சு? ஏன் அவுட்டுன்னு சொன்ன?"

அம்மா என்னைப் பார்த்தாள். நைனா சித்தப்பாவைப் பார்த்தார். அத்தை ஒரு வடையைப் பிட்டு என் வாயில் திணித்து, "பசியில உளறுது இது" என்றாள்.

அதன் பிறகு மொட்டைத் தலைகள் எங்கள் சந்துக்குள் வருவது குறைந்துபோனது. சில மாதத்தில் சித்தப்பா மிஷினை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் பெங்களூர் ஃபேக்டரிக்கே திரும்பினார். அத்தைக்கும் அங்கே டைப் வேலை பார்த்து வைத்து, நைனாவோடு சண்டை போட்டுக் கூட்டிப் போனார். பஸ் கிளம்பும்போது அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். நான் கை கொடுக்கவில்லை. அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தவர் என்று அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். கெடுத்தவருக்கே தட்டு நிறைய வடை வைக்கிறாளே, அவர் கூடவே ஊருக்கும் போகிறாளே, பாவம், அத்தைக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்து அழுதேன்.

உங்கப்பா மிஷினைப் பற்றி எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான், கண்ணு. டேப்பிலிருந்து ஏற எவ்வளவு நேரம் ஆகும், அந்தப் பக்கத்தைத் திறக்க எந்தக் கட்டையை அழுத்துவார்கள் என்பதெல்லாம் எனக்குச் சந்தேகம். அத்தை உன் வீட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறாள். இதைப் படித்துக் காட்டி, தப்பு இருந்தால் திருத்திவிடு. ஞாயிறு வரியைப் பற்றி மட்டும் அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். நீயாகக் கேட்காதே.