மேடையேறாத மூன்றாவது சரணம்

போன வாரம் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும்போது, இஸ்மாயில் பாய் மாரடைப்பில் போய்விட்டார் என்று நம் இசைக்குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். நான் செய்ததைக் குழுவில் இருந்தவர்கள் பார்த்தீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் மெஷின்கள் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்ந்திருக்கும். ஷெட்டுக்குள் நம் கச்சேரி நடக்கும். வருடமெல்லாம் லேத்தில் நிற்கும் பாய் அன்றைக்கு ரிதம் பேடில் உட்கார்ந்துவிடுவார். பாட்டு எழுதுவது நான். நான்கு வருடத்துக்கு முன் கஞ்சாவைப் பற்றி ஒரு குத்துப்பாட்டு எழுதினேன். முதல் இரண்டு சரணத்தில் போதையின் குஷி, மூன்றாவதில் குடும்பம் சீரழிவது. திட்டித்தான் எழுதியிருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒத்திகையில் பாய் குச்சியைக் கீழே வைத்தார். "தம்பி, நம்ம ஷெட்டுல பாதிப்பேரு கன்னடம், தெலுங்கு, இந்தி. உன் மூணாவது சரணம் அவங்களுக்கு என்னா புரியும்? கஞ்சாங்கிற ஒரு வார்த்தையும் என் அடியும்தான் புரியும். உன் வார்த்தை வேணாங்குது, என் அடி வா வாங்குது" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இளவயதில் பெங்களூரில் இரண்டு வருடம் கஞ்சாவுக்கு அடிமையாகக் கிடந்ததையும், படாத பாடுபட்டு விட்டதையும் ஒருமுறை டீக்கடையில் என்னை நம்பிச் சொல்லியிருந்தார். அதை எல்லோர் முன்னாலும் எடுத்துப் போட்டேன்.

"ஒருகாலத்துல இழுத்தவருதானே பாய் நீங்க? எங்களுக்குப் புத்தி சொல்றீங்களா?"

குழுவே சிரித்தது. பாய் குச்சியை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

பூஜையன்று மேடையில் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாவது சரணம் முடிந்ததுமே 'ஒன்ஸ் மோர்' கேட்டு முதலிலிருந்து பாடவைத்தார்கள். மூன்றாவது சரணத்தை அன்றும் பாடவில்லை, அடுத்த வருடங்களிலும் பாடவில்லை. அவருக்கு மட்டும் 'கஞ்சா பாய்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுப்பா, தெரியாம சொல்லிட்ட" என்றார். தெரிந்துதான் சொன்னேன், பாய்.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் அவருடைய மகளோடு நின்றிருந்தேன். ஒரு வடநாட்டுத் தொழிலாளி வந்து, "கஞ்சா பாய் வீடு இதானே?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் மரியாதையாகக் கேட்டார். அதுதான் அவர் பெயர் என்றே நினைத்திருக்கிறார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "எங்க அத்தா பீடி கூடத் தொடமாட்டாரே. ஏன் அங்கிள் இப்படிக் கூப்பிடறாங்க?"

தெரியவில்லை என்றேன்.

நேற்று போய் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். இதைக் குழுவில் எழுதப்போகிறேன் என்றதும், "அத்தா அதை விட்டதையும் சேர்த்து எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பட்டப்பெயரை மட்டும்தான். இனி யாராவது அப்படிக் கூப்பிட்டே ஆகவேண்டுமென்றால் பாட்டை எழுதிய என்னைக் கூப்பிடுங்கள். அவர் பெயர் இஸ்மாயில்.