கடைசி வாங்கு எழும்பும்வரை

முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு கடல் பக்க யன்னலைச் சாத்துவார், அதன் பிறகு குசினி யன்னலை. கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாயைச் சுருட்டி வைப்பார். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அந்த மாடி வீடு ஞாயிறு காலையில் இப்படி அடைபட்டால், பேராசிரியர் பாலேஸ்வரி ரெக்கோடரின் முன்னால் உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். பக்கத்து வீட்டில் நாங்கள் தேங்காய் திருவுவதை நிறுத்திவிடுவோம். றெயிலை மட்டும் யாராலும் நிறுத்த முடியாது. தண்டவாளம் அதிரத் தொடங்கியதும் அவருடைய விரல் பொத்தானை அமத்திவிடும். சத்தம் தெகிவளைப் பக்கம் தேய்ந்த பிறகு விட்ட வசனத்தை முதலிலிருந்து தொடங்குவார்.

பல்கலைக்கழகத்தில் அவர் படிப்பிப்பது கல்வித் தொழில்நுட்பம். வகுப்பறைக்குக் கணினி வரப்போவதைப் பற்றிப் பேசக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பேசிவிட்டு வருகிறார். அவருடைய களைப்பெல்லாம் இந்தக் கசெற்றுகளால் வந்தது. சண்டையால் வடக்கில் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுபோகத் தடை. உயர்தரப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகள் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் ஓடும் ரெக்கோடரைச் சுற்றி இருந்து பாடம் கேட்கிறார்கள். பௌதிகம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பள்ளிக்கூடங்கள் அங்கே நிறைய. அதற்காகக் கொழும்பில் உள்ள ஆசிரியர்களைக் கூப்பிட்டு, முகம் தெரியாத பிள்ளைக்கு எப்படிப் படிப்பிப்பது என்று பழக்குகிறார். இதற்குச் சம்பளம் இல்லை. வந்தவர்களில் பாதிப்பேர் தேத்தண்ணீரோடு போய்விட்டார்கள்.

போகாதவர் நோபேட். கொட்டாஞ்சேனையில் பௌதிக ஆசிரியர், தலை நரைத்தவர். ஏலம் கூறுவது போலப் பாடம் சொல்வார். பாலேஸ்வரி அவரைத் திருத்திய விதம் வேறு. விறாந்தையில் சைக்கிள் ஒன்றை நிறுத்தி, அவரையே மிதிக்க வைத்து, அவருடைய பாடத்தையே ஓடவிட்டார். கால் வேகம் பிடிக்க, பெட்டிக்குள்ளிருந்து அணில் ஒன்று நியூட்டனின் விதியைக் கீச்சிட்டது.

“இது நானா மிஸ்?”

“நீர்தான். ஆறுதலா, அவசரப்படாமல் கதையும், மனுசனாவீர்.”

அவர் விடாமல் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. கேள்வி கேட்ட பிறகு கசெற்றில் வெறும் இடம் விடவேண்டும். எவ்வளவு நேரம் என்று நோபேட் கேட்டபோது, “வகுப்பிலை கடைசி வாங்கிலை இருக்கிற பிள்ளை விடை சொல்ல எழும்புமட்டும்” என்றாராம்.

அந்த வெறும் இடம்தான் இந்த முறை வில்லங்கமாயிற்று. வடக்குக்குப் போகும் கசெற்றுகளை அனுமதி கொடுக்கும் கந்தோரில் போட்டுக் கேட்பார்கள். பேச்சு நின்றுவிடுகிற இடங்களில் என்ன ஒளித்திருக்கிறது என்று அங்கிருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பிள்ளைகள் விடை சொல்வதற்கு என்று பாலேஸ்வரி விளக்கினார். எந்தப் பிள்ளைகள் என்று கேட்பதுபோல அவர் கசெற்றைப் பார்த்தார். மரியாதையாகக் கதிரை தந்து, மரியாதையாக முழுப் பொதியையும் திருப்பித் தந்தார். வடக்குக்குப் போகும் கப்பலுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அதை விட்டால் அடுத்த கப்பல் பரீட்சை முடிந்த பிறகுதான்.

அன்று பின்னேரம் நானும் அவர் வீட்டில் இருந்தேன். வீங்கிய கால்களை உப்புத் தண்ணீர்ப் பேசினுக்குள் வைத்தபடி, மழை வரும்போல என்று சொல்கிற குரலில், “களைச்சுப் போனன்” என்றார். மேசையில் திருத்தாத விடைத்தாள்கள் கிடந்தன. முதல் நாள்தான் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் வந்து மறுபடி பதிந்துவிட்டுப் போயிருந்தது.

நோபேட் வழி சொன்னார். “வெட்டிப் போடுவோம் மிஸ். கேள்வி, உடனே விடை. இன்னும் ரெண்டு பாடம் கூடக் கொள்ளும். யாருக்குத் தெரியப்போகுது?”

“கேட்டுட்டு நீரே சொல்லிப்போட்டுப் போறதுக்கு உம்மை ஏன் கூப்பிட்டனான்? கோட்டை ஸ்டேசனிலை அறிவிக்கிற ஆளைப் பிடிச்சிருப்பனே.”

“அந்தாள் சல்லி கேப்பான் மிஸ்.”

பாலேஸ்வரி சிரிக்கவில்லை. ஈரக் காலோடு எழும்பிப் போய்க் கடல் பக்க யன்னலைத் திறந்தார். கீழே காகங்கள், ஓட்டோ, யாரோ பிள்ளையை ஏசுகிற சத்தம்.

“வெறும் இடம்தானே அந்தக் கந்தோர்காரருக்குப் பயம்? அதுக்குள்ளை வெள்ளவத்தை முழுக்கக் கேக்கட்டும்.”

அந்தக் கிழமை முழுக்க யன்னலைத் திறந்துவைத்து எல்லாவற்றையும் மறுபடி பதிந்தார்கள். பதிந்ததை ஓட்டிப் பார்க்கும் டைனமோவைப் பையில் வைத்துக்கொண்டு நோபேட் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, அது என்னவென்று சிங்களத்தில் விளக்கி, பஸ்ஸில் வந்தார். இரண்டு பாடங்களுக்கு நடுவே பாலேஸ்வரி கதிரையிலேயே தூங்கிப்போவார்; எழுப்பினால், தூங்கவில்லை, யோசித்தேன் என்பார். கந்தோரில் அதிகாரி மறுபடி கேட்டார். வெறும் இடமொன்றில், “மாளு, மாளு” என்று மீன்காரன் கூவ, ஒரு பெண் அவனோடு விலை பேசினாள். அதிகாரி, மீன் என்ன விலைக்குப் போனது என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். பொதி கப்பலேறியது. போய்ச் சேர்ந்ததா, யாராவது கேட்டார்களா என்று இதுவரை ஒரு செய்தியும் இல்லை.

போன ஞாயிறு அடுத்த வருசப் பிள்ளைகளுக்குப் பதிவு தொடங்கியது. மின்விசிறி நின்றது, யன்னல் திறந்தே இருந்தது. மலையிலிருந்து விழும் கல்லைப் பற்றி நோபேட் ஆறுதலாக ஒரு கேள்வி கேட்டு நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து றெயில் வந்தது. பழக்கத்தில் பொத்தானுக்குப் போன பாலேஸ்வரியின் விரல் தொடாமல் மடங்கியது. தேத்தண்ணீர்க் கோப்பை அதிர்ந்து அடங்கியது. சரி, முடிந்தது என்று நோபேட் வாயைத் திறந்தார். பாலேஸ்வரி கையைக் காட்டித் தடுத்தார். கண் பாதி மூடியிருந்தது. காது ரெக்கோடர் பக்கம் சரிந்திருந்தது. இன்னும் சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு ரெக்கோடரைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டிவிட்டு, நோபேட்டிடம் ‘இனிச் சொல்லும்’ என்று விரலை அசைத்தார்.