முதல் வரி

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் அறையைத் தூத்துத் துடைப்பது என் வேலை. தண்ணீரும் காற்றும் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பாடம் அங்கே நடக்கும். டீச்சர் பலகை நிறைய அம்பு அம்பாக வரைவார். எம்.இ. பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுதும்.

அதில் ஒருத்தி கடற்கரைக்காரி. மீன்பிடி வள்ளத்தின் அடியில் தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்பது அவள் கணக்கு. மூலையிலுள்ள பெரிய மெஷினில் அது ஆறு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வெளியாட்கள் வந்து அதைப் பார்த்து மார்க் போடுவார்கள். சாயங்காலம் மற்ற மெஷின்களை அணைத்து அறையைப் பூட்டுவது நான்தான். அந்த மெஷினை மட்டும் தொடுவதே இல்லை, டீச்சரே பார்த்துக்கொள்வார். சனிக்கிழமை அவருக்கு லீவு. அதனால் வெள்ளிக்கிழமையே, "அக்கா, அந்த மூலை மெஷின் இருக்குல்லா..." என்று தொடங்கினார்.

"வாயால சொன்னா மறந்துபோவும் டீச்சர். எழுதி ஒட்டுங்க, நான் வாசிப்பேன்" என்றேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் தூத்துத் துடைக்கிறவளுக்கு எழுத்துத் தெரியாது என்று ஒருத்தர் நினைப்பது எனக்குப் பொறுக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போகும்போது அந்த மெஷினில் டீச்சர் எழுதிய பேப்பர் ஒட்டியிருந்தது. அ, ணை, க், க. கூட்டி வாசித்துவிட்டேன். வாசித்த சந்தோஷத்தில் அந்த மெஷினின் சுவிட்சையும் அணைத்துப் பூட்டிவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் வகுப்பில் டீச்சர், கணக்கு பாதியில் அழிந்துபோனதற்காக அந்தப் பெண்ணைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். "கரண்டு போனா போவும். அப்பப்ப சேவ் ஆவ வைக்கணும்னு சொன்னேனா இல்லியா?"

"வள்ளம் முங்கிச்சு மக்கா" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரித்தார்கள். அவள் தலையைத் தூக்கவில்லை.

நான் பேப்பரைப் பார்த்தேன். கீழே இன்னொரு வரி இருந்தது. 'வேண்டாம்.'

"கரண்டு போவல்ல டீச்சர். நான்தான் அணைச்சேன்."

அவள் திரும்பினாள். "பேப்பர் ஒட்டியிருந்துதே, பாக்கலியாம்மா?"

"கண்ணாடி கொண்டு வரல்ல, மக்கா."

எனக்குக் கண்ணாடியே கிடையாது.

அந்தப் பெண் அரைகுறைப் படங்களோடு வெளியாட்கள் முன்னால் போய் நின்றாள். முடித்துக்கொண்டு இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்களாம். கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. வருகிற சனிக்கிழமை மார்த்தாண்டத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டித் தருகிறேன் என்கிறாள். அங்கே சுவரில் எழுத்தை மாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வார்களாம்.

ஒவ்வொன்றாகக் கேட்டால் கடைசிக் குட்டி எழுத்து வரைக்கும் நான் சரியாகச் சொல்லிவிடுவேன். அவள் பக்கத்தில்தான் நிற்பாள்.