பஸ்ஸில் போகச் சொல்லும் பந்தல்

இன்று டவுன் பஸ் சிம்மக்கல்லில் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஸ்டாப்புலதான் பந்தல் போட்டுருக்காய்ங்கண்ணே. எல்லாரும் பஸ்ஸுல போகணும்னு மீட்டிங்" என்றார் கண்டக்டர்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன். பந்தலுக்கு இடைஞ்சலாக இருந்த வேப்பங்கிளைகளை வெட்டிக் குவித்து, அவற்றின் மேலேயே "மரம் வளர்ப்போம்" பேனரைச் சாத்தி வைத்திருந்தார்கள். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் மேடைக்காரர்களின் கார்கள் நின்றன.

பக்கத்துக் கடையில் வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு கிளம்பினால், பச்சை பேட்ஜ் குத்திய நிர்வாகி ஒருவர் மறித்தார்.

"அண்ணே, இனிமே பஸ்ஸுலதான் போவேன்னு கையை நீட்டி உறுதிமொழி எடுங்க."

எடுத்தேன். "மாட்டுத்தாவணி பஸ் எங்கண்ணே நிக்கும்?"

"மீட்டிங் முடியிற வரைக்கும் நிக்காதுண்ணே. ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிருங்க."

நீட்டிய கையை மடக்காமல் அப்படியே ஆட்டோவை நிறுத்தினேன்.

இதைவிட வேகமாக உறுதிமொழியை மீறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா மக்களே?