என் அப்பா ஒலிங்கா

ஒலிங்கா எனக்கு அப்பா. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எங்கள் ஊரில் இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. குஸ்கோக்விம் ஆற்றில் பனிக்கட்டி உடைந்து அப்பா நாய்களோடு மூழ்கிப்போன பிறகு, ஊரில் பிறந்த முதல் குழந்தை அவள். அங்கையாக் என்ற அவர் பெயரையும் சேர்த்து அவளுக்கு வைத்தார்கள். பெயர் வந்தால் போன ஆளும் திரும்பி வந்த மாதிரி.

என்னை அவள் கூசாமல் "மகனே" என்பாள். அம்மாவிடம் மட்டும் வெட்கம். மீன் அறுக்கும் இடத்தில் அம்மா கிண்டலை விடமாட்டாள்.

"யோவ், உனக்கு அப்பவும் கத்தி பிடிக்கத் தெரியாது, இப்பவும் தெரியல."

"சும்மா இருங்க அத்தை" என்று ஒலிங்கா தலையைக் குனிந்துகொள்வாள்.

அப்படிப்பட்டவள் நாய்வண்டிப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். முன்னூறு மைல். அம்மா அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. "அந்த வளைவு வழியாத்தான போகணும்?" என்று மட்டும் கேட்டாள். அப்பா மூழ்கிப்போன ஆற்று வளைவு.

அங்கே பாதை காட்டும் வழிக்குச்சி நடும் வேலையை நான் வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பனிக்கட்டி விலகித் திறந்து கிடந்த தண்ணீரைச் சுற்றிக் கிளைகளை நட்டுவிட்டுக் காத்திருந்தேன். பந்தய விதிப்படி பேசலாம், தொடக்கூடாது. நாயையோ வண்டியையோ வெளியாள் தொட்டால் போட்டியாளர் வெளியே.

எல்லாருக்கும் கடைசியாக அவள் வந்தாள். மத்தியான மழையில் பனிக்கட்டியின்மேல் தண்ணீர் ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் முன்நாய் நின்றுவிட்டது. ஒலிங்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மகனே, அடியில கட்டி இருக்கா?"

"காலைல கோடாலியால குத்திப் பாத்தேன். இருந்துச்சு."

"இப்போ?"

"பதினோரு வண்டி போயிருக்கே."

"அதாண்டா பயமா இருக்கு. என் குரல் நடுங்குது, அது நாய்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

திரும்பிப் போய்விடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"அப்பா, குச்சிக்கு அந்தப் பக்கம் மட்டும் போயிடாத. அங்க ஏற்கெனவே ஒரு தடவ போயிட்டே."

ஒரு கணம் முறைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்டதும் நாய்களின் காது நிமிர்ந்தது. "போலாம், போலாம்!" என்றாள்.

தண்ணீர் நாய்களின் வயிறு வரை வந்தது. அடியில் கட்டி நீளமாக முனகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்பது வயசு ஆள், சின்னப் பையன் மாதிரி "அப்பா, அப்பா" என்று பிதற்றினேன். கண்ணைத் திறந்தபோது அக்கரையில் நாய்கள் உடம்பை உதறிக்கொண்டிருந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் எல்லைக்கோட்டுக்கும் கடைசியாகத்தான் வந்தாள். ஊரே நின்று கத்தியது. காலையிலிருந்து அங்கேயே மீன்சூப்புப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற அம்மா, கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவளுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தாள்.

"இந்தத் தடவையாச்சும் வீட்டுக்கு வரணும்னு தோணுச்சாய்யா உனக்கு?"

கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். ஒலிங்கா தலையைக் குனியவில்லை. கையால் அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள்.

"வந்துட்டேன்டி" என்றாள். "பசிக்குது."