மார்ச் மாதத்தில் ஒரு தேதி

வால்டெமார் பின்டோஸ் எங்கள் ஊர் வானொலியில் காலை ஏழு மணிக்கு 'இன்றைய நாள்' வாசிப்பவர். அன்று நடந்த போர், அன்றைய புனிதர், அன்று பிறந்த பிரமுகர், பிறகு உள்ளூர்ப் பிறந்தநாள்கள், கடைசியில் சாவு அறிவிப்புகள். நான் அவர் வாசிக்கும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். சாவு வரும்போது இசையைக் குறைப்பது என் வேலை.

பயந்த மனிதர். ராணுவம் ஆட்சிக்கு வந்த பிறகு, மறுநாள் வாசிக்கும் தாளை முந்தின மாலையே முகாமில் காட்டி முத்திரை வாங்க வேண்டியிருந்தது. சைக்கிளில் அவரே எடுத்துப்போவார். தாளில் இல்லாத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வால்டெமார் அண்ணன் தும்முவதற்கும் முத்திரை வாங்குவார் என்று கேலி செய்வோம்.

எழுபத்தாறு மே மாதம், எங்கள் பக்கத்துக் குளிர்காலம் தொடங்கியிருந்தது. சுல்மா வானொலி நிலையத்துக்கு வந்தாள். அடுத்த தெருவில் துணி தைப்பவள். தொழிற்சங்கத்துக்குத் துண்டறிக்கை அச்சடித்தான் என்று அவளுடைய ஒரே மகன் பாஸ்குவாலைப் பிடித்து முகாமில் வைத்திருந்தார்கள். ஏழு மாதமாக முகத்தைக் காட்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் கொண்டுபோகும் துணிப்பொட்டலத்தை மட்டும் வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

"நாளைக்குப் பதினேழாந்தேதி, அவனுக்கு இருபத்துநாலு முடியுது. அங்க முகாம் முற்றத்துல உங்க ரேடியோதான் அலறுதாம். பேரை மட்டும் சொல்லு வால்டெமார்."

"ஏன்க்கா, என்னையும் உள்ள தள்ளப் பாக்குறியா?"

"தள்ளுனா நல்லதுதான். அவன் எப்படி இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுவ."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை தாளைத் தட்டச்சு செய்யும்போது அவர் புனிதரின் வரியில் நின்று யோசிப்பதைப் பார்த்தேன். மே பதினேழு புனித பாஸ்குவால் திருநாள். அன்றைக்குப் பிறந்த பையனுக்கு வேறு பெயர் வைக்க எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. புனிதரின் பெயரை முகாமும் அடித்து நீக்காது.

மறுநாள் உலகத் தொலைத்தொடர்பு தினத்தைச் சொன்னார். மான்டிவிடியோவுக்கு முன்னால் நடந்த கடற்போரைச் சொன்னார். புனிதரைச் சொன்னார். தாளில் அந்த வரிக்கு அதோடு முற்றுப்புள்ளி. "பாஸ்குவால் என்று பெயர் கொண்ட எல்லோருக்கும் வாழ்த்துகள்," என்றார். ஒரு மூச்சு விட்டு, "வீட்டில் எல்லோரும் சுகம்," என்றார். பிறகு பிறந்தநாள்களுக்குப் போனார்.

யாரும் வந்து கேட்கவில்லை. சுல்மா ஒரு தட்டில் சீமைமாதுளைப் பணியாரம் கொண்டுவந்தாள்.

"கேட்டிருப்பான்ல?"

"கேட்டிருப்பான்க்கா."

அடுத்த இரண்டு மே மாதங்களிலும் அதே வாழ்த்தை வாசித்தார்.

எழுபத்தொன்பதில் ரயில்வேக்காரர் ஒருவர் முகாமிலிருந்து விடுதலையாகி நிலையத்துக்கு வந்தார். நாங்கள் இருவர்தான் இருந்தோம். தொப்பியைக் கழற்றாமல் நின்றபடி பேசினார்.

"அந்தப் பாஸ்குவால் வாழ்த்த நாங்க எல்லாருமே கேட்டோம் சார். அழுதோம். அவன்தான் கேக்கல. அவன மொத வாழ்த்துக்கு முன்னாடி மார்ச்லயே, தலைய முக்கி வதைக்கிற தண்ணித்தொட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பல. அவங்கம்மா குடுத்த ஸ்வெட்டர ஒரு சிப்பாய் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்."

வால்டெமார் அவருக்கு மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுப் போனார். நாங்கள் வேறு எதுவும் கேட்கவில்லை.

"அண்ணே, அந்தம்மாட்ட சொல்லிரணும்."

"இந்த வருஷம் வேணாம்டா."

அதையே ஆறு வருடம் சொன்னார். மே பதினேழில் வாழ்த்தையும் வாசித்தார். வேறு சிறைக்கு மாற்றிவிட்டோம் என்று முகாமில் சொல்ல, சுல்மா பொட்டலம் கொண்டுபோவதை நிறுத்தினாள். எந்தச் சிறை என்று யாரும் சொல்லவில்லை.

எண்பத்தைந்து மார்ச்சில் சிறைகளைத் திறந்துவிட்டார்கள். சுல்மா தினமும் மாலையில் பேருந்து நிலையத்தில் போய் நின்றாள். மே பதினேழு காலை ஆறரைக்கே ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்துவிட்டாள்.

"இப்பதான் முத்திரையெல்லாம் கெடையாதே. பாஸ்குவால் பெருட்டி, முப்பத்துமூணு வயசுன்னு முழுசாப் படி. எங்க கெடந்தாலும் காதுல விழும். விழுந்தா வந்துருவான்."

வால்டெமார் காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பிறந்தநாள்களை வாசித்தார். அந்தப் பெயரை வாசிக்கவில்லை. நான் இசைத்தட்டைப் போட்டதும் வெளியே வந்தார். சுல்மா நடைவழியில் நின்றுகொண்டிருந்தாள். அங்கேயே சொன்னார். எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் மறைக்கவில்லை.

அவள் கேட்டாள்:

"எந்தத் தேதி?"

வால்டெமார் கையிலிருந்த காகிதத்தை மடித்தார்.

"பூசைக்கு எழுதிக் குடுக்கணும். மார்ச்ல எந்தத் தேதி?"

"நான் கேக்கலக்கா."

"எவன் எப்பப் பொறந்தான், எந்தக் கப்பல் எப்ப முங்குச்சு, எல்லாம் வச்சிருக்க."

காகிதத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் ரயில்வேக்காரரைத் தேடினார். பிரேசிலுக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டார் என்று தெரிந்தது. முகாமுக்கு நான்கு முறை எழுதினார். பாஸ்குவால் பெருட்டி என்று ஒருவர் அங்கே இருந்ததேயில்லை என்று ஒரு பதில் வந்தது. அதில் முத்திரை இருந்தது.

அடுத்த மார்ச் பிறந்ததும் சுல்மா கோவிலில் மாதம் முழுவதற்கும் மகனின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

"ஒரு நாள் போதும்மா," என்றார் பாதிரியார்.

"எந்த நாளுன்னு நீங்களே சொல்லுங்க ஃபாதர்."

அவர் முப்பத்தொரு நாளும் பூசை வைத்தார். அடுத்த வருடங்களிலும் வைத்தார். வால்டெமார் தினமும் வாசித்து முடித்ததும் சைக்கிளில் போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். சுல்மா முதல் வரிசையில் இருப்பாள். ஐந்து மார்ச் மாதங்கள் அப்படி உட்கார்ந்தார். ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாவது மார்ச்சுக்கு அவர் இல்லை. அவருடைய சாவு அறிவிப்பை நான்தான் வாசித்தேன், தேதியோடு.