அக்காவின் அளவு ஜாக்கெட்

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் எந்தத் தையற்காரரும் ஒரு பெண்ணின் மேல் டேப்பை வைத்து அளந்து நான் பார்த்ததில்லை. புதுத் துணியோடு, நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றையும் சுருட்டிக் கொடுத்தனுப்புவோம். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். உடம்பு வீட்டிலேயே இருக்கும். அதன் அளவு மட்டும் மஞ்சள் பைக்குள் படுத்துக்கொண்டு, தேரடி வழியாகக் கடைக்குப் போய், நாலு நாள் ஆணியில் தொங்கிவிட்டுத் திரும்பி வரும். மத்தியான வெயிலில் அந்தக் கடையில் வரிசையாகத் தொங்கும் ஜாக்கெட்டுகளைப் பார்த்தால், ஊரில் உள்ள பெண்களெல்லாம் சத்தமில்லாமல் அங்கே தூங்குவதாகத் தோன்றும்.

என் ஜாக்கெட்டைக் கடைக்காரர் எடுத்த எடுப்பில் சின்னப் பிள்ளைகளின் துணியோடு போட்டுவிடுவார். பத்தொன்பது வயதில் அது பெரிய அவமானம்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பூசினாற்போல இருப்பாள். வளையல் அவள் கையில் ஏறினால் ஏறின இடத்தில் நிற்கும். என் கையில் முழங்கை வரைக்கும் போய்விட்டு வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் அக்காவைப் பார்த்து மகாலட்சுமி என்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, உன் பங்கையும் அவளே சாப்பிடுகிறாளா என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும். அக்கா பாவம், அவள் என்ன செய்வாள், தன் தட்டிலிருந்த அப்பளத்தை என் தட்டில் வைப்பாள்.

அப்போது எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. யாராவது ஒருத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரியாத்தான் இருக்கா என்று சொல்ல வேண்டும். அழகு என்றுகூட வேண்டாம். சரி என்றால் போதும். அம்மா சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் கொதிக்காத உலையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

மாவட்டம் பிரிந்து ஊருக்குள் புது ஆபீசுகள் வந்த வருஷம், அக்கா கல்யாணமாகிப் போன பிறகு, எனக்கு முதல் சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் முதலில் கோயிலில் வைத்துத்தான் பெண்ணைப் பார்ப்பார்கள். சாமி கும்பிட வந்த மாதிரி அவர்கள் வருவார்கள், சாமி கும்பிட வந்த மாதிரி நாமும் போவோம். பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் வெட்கமில்லை. அம்மா எனக்கு இரண்டு உள்பாவாடை கட்டிவிட்டு, மேலே மொறமொறவென்று கஞ்சி போட்ட காட்டன் புடவையைச் சுற்றினாள். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் உடம்பாகத் தெரியுமாம். பிராகாரத்தில் நடந்தபோது மலைக்காற்று புடவைக்குள் புகுந்து புகுந்து வெளியே போனது. தூண் பக்கம் நின்ற மூன்று பெண்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளையும் இடுப்பையும் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, தரையில் ஓடுகிற புடவை நிழலைப் பார்த்தேன். நிழலில் நான் குண்டாகத்தான் இருந்தேன்.

மறுநாள் தரகர் வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, ஒடம்புதான் கம்மினு சொல்றாங்க என்றார். காய்கறி விலை சொல்வது போலச் சொல்லிவிட்டு அவர் காப்பியைக் குடித்து முடித்தார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் இரண்டு தரம் பரிமாறினாள்.

அதன் பிறகு என்னை வளர்க்கும் வேலை தொடங்கியது. காலையில் உளுந்தங்கஞ்சி, பதினோரு மணிக்கு வாழைப்பழம், சாயங்காலம் எள்ளுருண்டை, படுக்கும் முன் பாலும் டானிக்கும். பஸ் ஸ்டாண்டில் விளக்கு மினுக்கும் எடை மிஷின் ஒன்று இருந்தது. அம்மா அதில் என்னைக் காய்கறிப் பையோடு ஏற்றி நிறுத்துவாள். அது தள்ளுகிற எடை அட்டையை எடுத்துப் பார்த்து அவளே சமாதானமும் ஆகிக்கொள்வாள். சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். எனக்கும் அது புரியாத விஷயம்தான். மொட்டை மாடியில் படுத்து மலையைப் பார்த்துக்கொண்டே யோசிப்பேன். மலை எங்கள் மாடியிலிருந்து அகலமாகத் தெரியும், வேங்கிக்கால் பக்கம் போனால் வேறு மாதிரித் தெரியும். அதைப் பார்த்து யாரும் இளைச்சுப்போச்சு என்று சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்த சம்பந்தம் கீழ்பென்னாத்தூர். நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பிள்ளைக்குப் புதிதாக வந்த ஆபீஸ் ஒன்றில் வேலை. இந்த முறை வீட்டுக்கே வந்தார்கள். சாயங்காலம் வந்ததும், கரண்ட் மங்கலாக இருந்ததும் அம்மாவின் அதிர்ஷ்டம். அக்காவின் கல்யாணப் பட்டைச் சுற்றிக்கொண்டு நான் சுவரோடு சுவராக நின்றேன். பிள்ளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிடிச்சிருக்குன்னு சொல்றான் என்று அவருடைய அம்மா சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் பிடிக்கவும் பிடிக்காமல் போகவும் என்ன தெரிந்திருக்கும்?

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். ஜாக்கெட்டும் அவர்களே தைத்துக் கொண்டுவருவார்கள். அதற்காக அளவு ஜாக்கெட் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நான் என்னுடையதை மடித்து எடுத்துவந்தேன். அம்மா அதை வாங்கிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, உள்ளே போய், அக்கா பிரசவத்துக்கு வந்தபோது விட்டுப்போன பச்சை ஜாக்கெட்டை எடுத்துப் பையில் வைத்தாள். பையின் ஓரத்தில் மஞ்சள் தடவினாள். அது என்னுடையது இல்லையே என்றேன்.

"சும்மா இரு. ஒன்னோடத அனுப்புனா, ஜாக்கெட்டும் திரும்பி வரும், சம்பந்தமும் திரும்பி வந்துடும்."

கோபப்பட வேண்டிய இடம் அது. எனக்கு அழுகைதான் வந்தது, என் அளவைக்கூட என்னால் அனுப்ப முடியவில்லையே என்று. பை தெருமுனை தாண்டுகிற வரைக்கும் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் மணப்பெண் அறையில் அந்த ஜாக்கெட்டைப் போட்டார்கள். அரக்குப் பட்டு, கையில் ஜரிகை. அதற்குள் என்னோடு இன்னொருத்தியும் தாராளமாக உட்காரலாம். சித்திகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஊக்குக் குத்தினார்கள். அது போதாமல் ஒருத்தி ஊசி நூலை எடுத்துப் பக்கத்தைப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள். அப்போது மாமியார் பூக்கூடையோடு உள்ளே வந்துவிட்டார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். மாமியார் என் பக்கத்தில் வந்து, துணியின் தொளதொளப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்ப புடிச்சித் தைக்கிறீங்க? வுடுங்க. நம்ம வூட்டுச் சோறு துன்னா தன்னால ரொம்பிடும்."

சொல்லிவிட்டு என் தலையில் பூவை வைத்தார். அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். எல்லோரும் எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். நல்ல மனசுதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மணையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, முதுகில் குத்தியிருந்த ஊக்குகளோடு, நான் இன்னும் வந்து சேராத ஒருத்தியின் இடத்தைப் பிடித்து வைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. புகையும் மேளமும் எங்கேயோ நடந்தன.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை என்னால் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிவந்தோம். மாமியார் ஊரிலிருந்து மூட்டை மூட்டையாக மல்லாட்டை அனுப்பினார், நெய் உருக்கிக் கொடுத்தார், மகள் பிறந்தபோது மூன்று மாதம் கூடவே இருந்து ஊட்டாத குறையாகச் சோறு போட்டார். இதற்கிடையில் நைட்டி வந்தது. அதை யார் முதலில் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. ஒரு கோடையில் எல்லோர் வீட்டுக் கொடியிலும் பூப்போட்ட நைட்டி காய்ந்தது. ஃப்ரீ சைஸ். அளவு கேட்பதில்லை, ஊக்கு இல்லை, நாடா இல்லை. தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் பால்காரர், போஸ்ட்மேன், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். அதற்குள் காற்றும் நானும் சமமாக இருந்தோம். மத்தியானம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவேன். எழுந்தால் சாயங்காலமாக இருக்கும். அப்படித் தூங்கி எழுந்ததில் சில வருஷங்கள் போயே போய்விட்டன.

ஒரு கார்த்திகை தீபத்தின்போது உறவில் கல்யாணம் வந்தது. பீரோவிலிருந்து முகூர்த்தப் புடவையை எடுத்துக் கட்டினேன். அவசரத்தில் ஜாக்கெட்டைப் போட்டு, கொக்கிகளை மாட்டி, மகளுக்குத் தலைவாரி, பஸ்ஸைப் பிடித்து, சாப்பிட்டு, பேசி, திரும்பி வந்து புடவையை மடிக்கும்போதுதான் உறைத்தது. ஒரு ஊக்குக்கூடக் குத்தவில்லை. அந்த ஜாக்கெட் எனக்குச் சரியாக இருந்திருக்கிறது. அன்று முழுவதும் நான் சரியான அளவில் ஊருக்குள் நடமாடியிருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் இருப்பதுதான் சரியாக இருப்பது போலும். அடுத்த முறை எடுத்தபோது கொக்கி எட்டவில்லை.

நான் அந்த அளவுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் ஊர் வேறு பக்கம் கிளம்பிவிட்டிருந்தது. டிவியில் வருகிற பெண்களெல்லாம் நான் பத்தொன்பதில் இருந்தது போல இருந்தார்கள். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு பெண்கள் காலையில் கிரிவலப் பாதையில் வேகமாக நடந்தார்கள், சாமிக்காக இல்லை. ஊரெல்லாம் கொள்ளு ரசம் வைத்தது. அக்கா போன் செய்து, ராத்திரியில் சோறை விட்டுவிட்டேன், சப்பாத்திதான் என்றாள். அவளை மகாலட்சுமி என்று கூப்பிட்டவர்களே இப்போது சுகர் இருக்கா, டெஸ்ட் பண்ணியா என்று கேட்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அது என்னுடைய பழைய சிரிப்பு. எனக்கு அடையாளம் தெரிந்தது.

நானும் நடந்தேன். கொஞ்சம் இளைத்தேன். அம்மா வீட்டுக்குப் போனால் அவள் என் கையைப் பிடித்துப் பார்த்து, இப்படி இளைச்சுட்டியே என்று கண் கலங்குவாள். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஆனாலும் ஒருநாளாவது அவள், சரியாத்தான் இருக்க என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகள் காலேஜில் சேர்ந்தபோது சுடிதார் எடுக்கப் போனோம். டவுனில் புதிதாகத் திறந்த பெரிய கடை, ஏசி, மாடிக்கு மாடி ரெடிமேட். துணியெல்லாம் எஸ், எம், எல் என்று எழுத்து வாரியாகத் தொங்கின. விற்பனைப் பெண் என்னைப் பார்த்தவுடனே, உங்களுக்கு டபுள் எக்ஸ்எல்தான் வரும் ஆன்ட்டி என்று அடுத்த வரிசை வரைக்கும் கேட்கச் சொன்னாள். நான் கேட்கவே இல்லை. எனக்கு இல்ல, பொண்ணுக்கு என்றேன், கொஞ்சம் கடுப்போடுதான்.

மகள் நீலச் சுடிதார் ஒன்றை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனாள். வெளியே மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. கதவு திறந்து அவள் வந்து நின்றதும், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மகள்கள் நின்றார்கள். எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றுதான், ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கும். பொட்டு வைத்துக்கொள்ளத்தான் அது உதவும். என் உடம்பை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இப்போது அது என் எதிரில் நின்றது. அதே குறுகின முதுகு, அதே தோள், வளையல் நிற்காத அதே கை. எங்கே குறைகிறது என்று தேடினேன். ஏசிக் காற்றில் துப்பட்டா அசைந்துகொண்டிருந்தது. எங்கேயும் குறையவில்லை.

மகள் இடுப்பைக் கிள்ளிப் பார்த்து, குண்டா தெரியறேன்ல என்றாள். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, எதுக்கும்மா அழற என்று பக்கத்தில் வந்தாள்.

"ஒன் வயசுல எனக்கு இதே ஒடம்பு. ஒல்லின்னு சொல்லி ஒரு சம்பந்தம் திரும்பிப் போச்சு."

"இதுவா ஒல்லி?" அவள் நம்பாமல் தன்னையே கீழே குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஏற இறங்க, நிதானமாக. "அப்போ நீ சரியாத்தாம்மா இருந்திருக்க."

அத்தனை வருஷம் கழித்து அதை ஒருத்தி சொல்லிவிட்டாள். கடையின் நடுவில், பைகளை வைத்துக்கொண்டு, நான் பத்தொன்பது வயதில் நின்றேன். அவ்வளவு சந்தோஷம். நீயும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் விற்பனைப் பெண் பக்கம் திரும்பி, இதிலேயே ஒரு சைஸ் பெரிதாக, உடம்பு தெரியாத மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள்.